கோமோ ஏரிக்கரையில் கருவாடு

இத்தாலியில், கோமோ ஏரிக்கரை ஊரான வரென்னாவில் படகுக்குக் காத்திருந்தபோது அந்த வாசனை வந்தது. சத்தியமாகக் கருவாடு.

மூக்கு போன வழியே போனால் ஒரு சின்ன உணவகம். தட்டில் சுட்ட மீன், பக்கத்தில் மஞ்சளாகச் சோளக்களி. மிசோல்தீனி என்கிறார்கள். ஏரியில் பிடித்த அகோனே மீனை உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி, பிரிஞ்சி இலையோடு டின்னில் அடுக்கி அழுத்தி வைப்பார்களாம்.

நடுமுள்ளை உருவி ஒரு துண்டு வாயில் போட்டேன். உப்பு சுள்ளென்று ஏறியது. கண்ணை மூடினால் எங்கள் ஊர்ச் சந்தை.

எதிர்க்கரையில் பெல்லாஜியோ. படகில் கால் மணி நேரம். படிக்கட்டுச் சந்துகள், பட்டுக் கடைகள், போட்டோவுக்கு வரிசை. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் கரையில் மாளிகை கட்டியவர்கள் வேறு, பனிக்காலத்துக்கென்று மீன் காயவைத்தவர்கள் வேறு.

படகு கிளம்பிவிட்டது. இன்னொரு மீன் சொன்னேன்.