இரண்டு மானியம்

போன வாரம் கேஸ் தோம்பு (சிலிண்டர்) மாற்ற வந்த தம்பியிடம் முப்பது மலேசிய வெள்ளியை நீட்டினேன். 14 கிலோ தோம்பு அரசாங்க விலைக்கு 26 வெள்ளி 60 காசு. மீதியை மாடி ஏறித் தூக்கி வந்த கூலிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு நிமிடம் இருக்கும். என் மாத வருமானம் என்ன, இந்த அடுப்பால் எத்தனை பெண்கள் பயனடைகிறார்கள் என்றெல்லாம் அவன் கேட்கவில்லை.

அதே நேரத்தில், உகாண்டாவில் குக்கர் விற்கும் ஒரு பெண்ணுக்காக நான் நிரப்புகிற 26 பக்கப் படிவம் ஒன்று என் மேசைமேல் திறந்து கிடந்தது. அது இதைத்தான் கேட்டது.

தோம்புக்கு அரசாங்கம் கொடுப்பதும் மானியம். அந்தப் படிவத்தைப் போட்டுக் கேட்பதும் மானியம். தமிழில் ஒரே சொல்லாகப் போய்விட்டது. ஆனால் முதலாவது எனக்கு மாதாமாதம் கேட்காமலே வருகிறது. இரண்டாவதை வாங்குவதற்குள் ஒரு மனுஷிக்குத் தலை நரைத்துவிடுகிறது.

சொல்ல மறந்துவிட்டேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் கணக்கு எழுதும் தொழில் எனக்கு. டயர் கடை ஒன்று, மளிகைக்கடை இரண்டு, ஒரு கோயில். இவற்றோடு நான்கு வருடமாக உகாண்டாவில் ஒரு சின்னத் தொழில். அண்ணன் மகள்தான் பிடித்துவிட்டாள். “அத்தை, என்னோடு இங்கே படித்த பெண் கம்பாலாவில் கரண்டு பிரஷர் குக்கர் விற்கிறாள். கணக்கு தெரியாமல் தவிக்கிறாள், கொஞ்சம் பாருங்களேன்” என்றாள். கொஞ்சம் பார்க்கப் போனவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கும் அவர்களுக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். நான் நாலு மணிக் கோப்பியோடு உட்காரும்போது அந்தப் பெண்ணுக்குக் காலை பதினொன்று. என்னை ‘மேடம்’ என்பாள். எவ்வளவு சொல்லியும் மாற்றவில்லை.

நான் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் என் அம்மாவின் அடுப்பு. ரப்பர் தோட்டத்தில் லயன் வீட்டுக்குப் பின்னால் தகரம் சாய்த்த குசினி. அம்மா பால் வெட்டப் போகிறவர். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, முன்னால் சோறு வடித்தாக வேண்டும் என்று நாலு மணிக்கே எழுந்துவிடுவார். பால்மரச் சுள்ளி காய்ந்திருந்தால் நன்றாக எரியும். மழைக்காலத்தில் எரியாது. அப்போது அம்மா மடியில் மறைத்துக் கொண்டுவந்த ஒட்டுப்பாலை (மரத்தில் உறைந்துபோன ரப்பர் பால்) நகக்கண் அளவு கிள்ளி விறகுக்கு அடியில் வைப்பார். ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து, கங்காணி பார்த்தால் ஏச்சு. அது சடசடவென்று பிடித்து எரியும். எழும்புகிற கரும்புகை தகரத்தில் போய்த் தாராக ஒட்டும், வெயிலில் இளகிச் சொட்டும். அம்மா வருடம் முழுக்க இருமினார். ‘பனி’ என்று சொல்லிக்கொண்டோம்.

வீட்டுக்குள் அடைகிற அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல். அதைப் படித்தபோது அந்தத் தகரம்தான் கண்முன் வந்தது.

சரி, கம்பாலாவுக்கு வருவோம். அங்கே பெரும்பாலான வீடுகளில் கரியும் விறகும்தான். மட்டோகே என்று பச்சை வாழைக்காயை உரித்து, வாழை இலையில் பொதிந்து மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். காய்ந்த பீன்ஸும் லேசில் வேகாது. இந்த மாதிரி நேரம் பிடிக்கிற சமையலுக்குத்தான் கரண்டு பிரஷர் குக்கர் லாபம். நெடுநேரம் கொதிக்க வேண்டியதைச் சீக்கிரம் முடித்துவிடும், சூடும் வெளியே போகாது. மாதத்துக்கு 81 முதல் 150 யூனிட் வரைக்கும் சமையலுக்கென்றே குறைந்த மின்கட்டணமும் அங்கே வைத்திருக்கிறார்கள். பொருளில் குறையில்லை. குறை எங்கே என்று கணக்கு எழுதுகிறவளைக் கேளுங்கள்.

சும்மா ஒரு கணக்கு. குக்கர் இறக்குமதியாகிக் கைக்கு வர 60 டாலர், விற்பது 80. மொத்தமாகக் கொடுக்க யாரிடமும் இல்லை, அதனால் எட்டெட்டு டாலராகப் பத்துத் தவணை. இந்த மாதம் 100 குக்கர் விற்றால் 6,000 வெளியே போகும், 800 உள்ளே வரும். எட்டாவது தவணையில்தான் போட்ட முதல் திரும்பும். அடுத்த மாதம் இன்னொரு 100 விற்றால்? மறுபடி 6,000 போகும், 1,600 வரும். விற்க விற்கக் கையில் காசு வறண்டுகொண்டே போகும். ஊரே கொண்டாடும் மாதத்தில்தான் அவள் என்னிடம் அழுதிருக்கிறாள். வங்கிக்குப் போனால் ஈடு கேட்கிறார்கள். அவளிடம் இருந்தது ஒரு மோட்டார்சைக்கிள்.

இந்த இடைவெளிக்குத்தான் மானியம் வேண்டும். ஆனால் நாங்கள் நிரப்பிய படிவங்களில் பாதிக்கு மேல், இயந்திரம் வாங்கலாம், பொருளைச் சோதிக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், ஆய்வு நடத்தலாம், கடனில் விற்கச் சரக்கு மட்டும் வாங்கக் கூடாது என்றன. சோதனையைக் குறை சொல்ல மாட்டேன். புகையும் எரிபொருளும் எவ்வளவு என்று பார்த்து அடுப்புக்கு 0 முதல் 5 வரை தரம் போடும் ஐஎஸ்ஓ (உலகத் தர அமைப்பு) முறை 2018இலிருந்து இருக்கிறது, கம்பாலாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்திலேயே அதற்கு ஆய்வுக்கூடம் உண்டு. கண்ட தகரத்தையும் ‘நல்ல அடுப்பு’ என்று விற்கிறவர்கள் இருக்கிறார்களே. அப்புறம், ‘சொந்தப் பங்கு 20 விழுக்காடு’ என்று ஒரு கட்டம். காசில்லாததால் அவள் அம்மா வீட்டுப் புழக்கடைக்கு வாடகை போட்டு அதைச் சொந்தப் பங்காகக் காட்டினேன். தப்பில்லை, அனுமதி உண்டு. இருந்தாலும் எழுதும்போது சிரிப்பு வந்தது.

ஒரு வழியாக ஒரு நிதி கிடைத்தது. பேர் வேண்டாம். விற்ற பிறகு, சரிபார்த்த பிறகு, குக்கருக்கு இவ்வளவு என்று பணம் தரும் வகை. கொடுக்கிறவர்கள் பார்வையில் நியாயம்தான், வேலை நடக்காமல் காசு போகாது. ஆனால் முதலில் விற்கக் காசு எங்கே? மோட்டார்சைக்கிள் போனது. விற்றுமுடித்துக் கணக்கை அனுப்பினோம். சரிபார்ப்பவர் வர ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் தன்னிடம் வேலை பார்க்கும் மூன்று பிள்ளைகளின் சம்பளத்தை எப்படிச் சமாளித்தாள் என்று பேரேட்டில் இருக்கிறது, இங்கே எழுத மனமில்லை.

2025இல் நிலைமை இன்னும் இறுகிவிட்டது. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. பிரிட்டன் 2027க்குள் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.3 விழுக்காட்டுக்குக் குறைக்கப் போகிறது. 2024 மே மாதம் பாரிஸ் மாநாட்டில் ஆப்பிரிக்கச் சமையல் அடுப்புகளுக்காக 220 கோடி டாலர் என்று அறிவித்தார்களே, அதில் கம்பாலாப் புழக்கடைக்கு எத்தனை சொட்டு வரும் பார்ப்போம்.

எங்கள் ஊர்க்காரரான, மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த காசு அது. அப்பாவின் பங்குச் சீட்டு இன்னும் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யோசித்துத்தான் அவளிடம் சொன்னேன்: “ஆள் ஆளாக விற்காதே, பெண்களின் சேமிப்புக் குழுவுக்கு விற்று மொத்தக் காசையும் வாங்கு. தவணையை அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும்.” நம் கூட்டு, அதாவது சீட்டு, மாதிரிதான். (இங்கே கூட்டு நடத்துவது 1971 சட்டப்படி தடை. ஆகவே எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.) இரண்டு குழுக்கள் ஒத்துக்கொண்டன. 40 குக்கர், ரொக்கம். மானியம் வாங்கித் தராத நிம்மதியை அந்த ஒரு மாதம் பார்த்தேன்.

இப்போது தகராறு வேறு. சரிபார்ப்பவர் கேட்டபோது ஒரு பெண், “குக்கர் இங்கே இல்லை, கிராமத்தில் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், அங்கேதான் விறகுப் புகை அதிகம்” என்றாளாம். பதிவான வீட்டில் பொருள் இல்லை, ஆகவே ‘பயன்பாட்டில் இல்லை’ என்று அடித்துவிட்டார்கள். அதற்கான தொகை வராது.

ஒற்றைக் குக்கர்தான். விட்டுவிடுங்கள் மேடம் என்கிறாள். நான் விடவில்லை. அந்தக் கிராமத்து வீட்டில் குக்கர் சோறு வடித்துக்கொண்டிருக்கும் படத்தைக் கேட்டு வாங்கி, மூன்று பக்கக் கடிதம் எழுதி, இன்று நாலு மணிக்கு அனுப்பியிருக்கிறேன்.