எங்கள் ஆய்வுத் தரவை அடுத்தவர் கையில் கொடுத்த அனுபவம்

நாள்பட்ட முதுகுவலிக்கு ஓபியாய்டு (அடிமையாக்கக்கூடிய வலுவான வலிநிவாரணி) மாத்திரை எடுக்கத் தொடங்கி, பிறகு அதை விட முடியாமல் போனவர்களைப் பற்றிய ஓர் ஆய்வில் தரவைப் பராமரிப்பது என் வேலை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2018இல் தொடங்கிய, வலியையும் ஓபியாய்டு அடிமைத்தனத்தையும் ஆராயும் ‘ஹீல்’ திட்டத்தின் நிதியில் நடந்த ஆய்வு அது. முடிவுகளோடு நிறுத்தாமல், அவற்றுக்கு அடியில் இருக்கும் தரவையும் மற்ற ஆய்வாளர்களுக்குத் தர வேண்டும் என்பது நிபந்தனை. கோப்பைப் பதிவேற்றுவது சுலபம்தான். அதற்கு முன்னால் இருந்த வேலைதான் எங்களைப் படுத்தி எடுத்தது.

முதலில் அடையாளங்களை நீக்குவது. மருத்துவத் தகவல்களின் ரகசியத்தைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்தின் ஒரு வழிமுறையில் 18 வகைத் தகவல்களை எடுத்துவிட வேண்டும். பெயர், தொலைபேசி எண் எல்லாம் சரி, தேதிகளில் ஆண்டு மட்டும்தான் மிஞ்சும். ஆனால் ஓபியாய்டை விடுவதற்கான சிகிச்சையில் தரும் புப்ரனார்ஃபின் மருந்தைத் தொடங்கிய எத்தனையாவது நாளில் ஒருவர் பழைய மாத்திரைக்குத் திரும்பினார் என்பதுதானே எங்கள் ஆய்வின் உயிர்! அதனால் ஒவ்வொருவரும் ஆய்வில் சேர்ந்த நாளைப் பூஜ்யமாக வைத்து, மற்ற எல்லாத் தேதிகளையும் நாள் எண்ணாக மாற்றினோம். இடைவெளி அப்படியே இருக்கும், நாள்காட்டி மட்டும் மறைந்துவிடும்.

அதைவிடத் தலைவலி கொடுத்தது ‘குறிப்பு’ என்ற நெடுவரிசை. நேர்காணல் செய்தவர்கள் மனம்போல எழுதி வைத்திருந்தார்கள். “இரவு லாரி ஓட்டுகிறார், தம்பியும் இதே ஆய்வில், முதலாளிக்குத் தெரியக் கூடாது” என்று ஒரு வரி. பெயர் இல்லைதான், ஆனால் தெரிந்தவர் யார் பார்த்தாலும் ஆளைச் சொல்லிவிடுவார். அந்த நெடுவரிசையை முழுவதும் எடுத்துவிட்டு, ‘இரவு வேலை: ஆம்’ போன்ற சில குறியீடுகளை மட்டும் வைத்தோம். கொஞ்சம் வருத்தம்தான், பல நல்ல தகவல்கள் அதில் இருந்தன.

அப்புறம், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள் என்று சொல்லும் விளக்கக் கையேடு. வலியை பெக் அளவுகோலில் கேட்டிருந்தோம்: வலி எவ்வளவு, வாழ்க்கையை ரசிப்பதை எவ்வளவு கெடுக்கிறது, அன்றாட வேலையை எவ்வளவு கெடுக்கிறது. மூன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்று போடுவது எங்கள் பழக்கம். அது தெரியாமல் வெளியாள் சராசரி எடுத்தால் வலி எங்கோ போய் நிற்கும். எனவே 99களை வெற்றிடமாக்கினோம். ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு புள்ளியியலாளரிடம் கையேட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “‘இந்த வாரம் ஓபியாய்டு எடுத்தாரா? இல்லை’ என்றால், சிகிச்சைக்காக எடுக்கும் புப்ரனார்ஃபினும் இல்லையா?” புப்ரனார்ஃபினும் ஓபியாய்டுதான். எங்கள் ‘இல்லை’யில் அதை எடுப்பவர்களும் இருந்தார்கள். எங்களுக்குள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒப்புதல் படிவத்தில், பெயர் நீக்கிய தரவை மற்றவர்களுக்குத் தருவோம் என்ற வரி முதலிலேயே இருந்தது நல்லதாயிற்று. இல்லையென்றால் நெறிமுறைக் குழுவிடம் திரும்பப் போயிருக்க வேண்டும். பங்கேற்பாளர் ஒருவர் நேரடியாகவே கேட்டிருந்தார்: “போலீஸ் கேட்டால் கொடுத்துவிடுவீர்களா?” தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் நடக்கும் இத்தகைய ஆய்வுகளுக்கு ரகசியக்காப்புச் சான்றிதழ் தானாகவே உண்டு. ஒருவரை அடையாளம் காட்டும் தகவலை, அவர் சம்மதிக்காமல், வழக்கு விசாரணைக்குக் கொடுக்க முடியாது. அந்தத் தகவலின் பிரதியை வாங்குபவர்களையும் அது கட்டுப்படுத்தும். அதற்கு மேலும் எங்கள் தரவைப் பொதுவில் வைக்கவில்லை. என்ன ஆய்வு, என்ன கேள்விகள் என்பதை யாரும் பார்க்கலாம். தனிநபர் பதிவுகள் வேண்டுமென்றால் விண்ணப்பித்து, யாரையும் அடையாளம் காண முயலமாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

முதலில் விண்ணப்பித்தது தூக்கத்தையும் வலியையும் ஆராயும் ஒரு குழு. அவர்களும் அதே பெக் கேள்விகளைக் கேட்டிருந்ததால் இரண்டு தரவையும் ஒன்றாக இணைக்க முடிந்தது. தனியாக ஆராய எங்களிடம் ஆட்கள் போதாத பிரிவு ஒன்று உண்டு: வலியும் தூக்கமின்மையும் சேர்ந்தே இருந்து, சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள். அவர்களைத்தான் இப்போது இரண்டு குழுவும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.