லயத்துச் சுவருக்கு எத்தனை புள்ளி?

இலங்கை அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் பட்டியலை ஒட்டினால் தேயிலைத் தோட்டத்தில் வரும் முதல் கேள்வி, "அந்தக் காம்பராவுக்குக் கிடைச்சது, எங்களுக்கு ஏன் இல்ல?" பெரும்பாலும் கிராம சேவகர்தான் ஏச்சு வாங்குவார். கோளாறு அளவுகோலிலேயே இருக்கிறது.

வருமானத்தைச் சரியாக அறிய முடியாதபோது, கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை வைத்து ஏழைகளை இனங்காணலாம். பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லோஃப் 1978இல் எழுதியது இதுதான்: அடையாளம் சரியாக இருந்தால், எல்லோருக்கும் கொஞ்சம் பங்கிடாமல் தேவைப்பட்டவருக்கு அதிகம் கொடுக்கலாம். 2023இல் தொடங்கிய அஸ்வெசும கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளியிடுகிறது.

தோட்டத்தில் இது தலைகீழாகப் போகலாம். டவுனில் கடை வைத்திருப்பவரின் வருமானம் யாருக்கும் தெரியாது. கொழுந்து பறிப்பவரின் சம்பளமோ தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் சதம் பிசகாமல் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவரை 'நிரந்தரச் சுவர்' என்று மட்டும் குறித்தால், லயம் என்னும் வரிசை வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுப்பது அதில் தெரியாது. சுவரும் அவர்களுடையதல்ல, நிலமும் அவர்களுடையதல்ல. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் கரண்ட் எடுத்தால், பில் யாருடைய பேரில் இருக்கிறதோ அவர் வசதிக்காரர்.

மேன்முறையீட்டில் "நாங்கள் ரொம்ப ஏழை" என்று எழுதிப் பயனில்லை. எந்தக் குறிகாட்டி பிழையோ அதைச் சொல்லி, ஆதாரத்தை இணையுங்கள்: கிளினிக் கொப்பி, சம்பளச் சீட்டு, தனி உலை வைக்கும் மகன் குடும்பத்துக்குத் தனிப் பதிவு.

அடுத்தது அலைச்சல். வரிசையில் நிற்கவைத்தால் வசதியுள்ளவர் தாமாக விலகுவார் என்று பொருளியலாளர்கள் நிக்கல்ஸும் செக்ஹவுசரும் 1982இல் வாதிட்டார்கள். மாதச் சம்பளக்காரர் அரை நாள் லீவு போட்டு வந்துவிடுவார். தோட்டத்தில் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. 2024 வர்த்தமானியின் 1,350 ரூபாய் நாட்சம்பளப்படி பார்த்தாலே, பிரதேச செயலகத்துக்கு இரண்டு நடை என்றால் 2,700 ரூபாய், பஸ் காசு வேறு. 2025இல் அஸ்வெசுமவில் மாதம் 5,000 ரூபாய் பெற்ற பிரிவுக்காரருக்கு அது ஒரு மாதக் கொடுப்பனவில் பாதிக்கு மேல். ஆக விலகுவது ஏழைதான்.

எல்லைக்கோடும் கொடூரமானது. 2025 ஜனவரி முதல் மிக வறியவருக்கு 17,500, வறியவருக்கு 10,000. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி நகர்ந்தால் மாதம் 7,500 ரூபாய், அதே 1,350 கணக்கில் ஐந்து நாள் சம்பளத்துக்கும் மேல், போய்விடும். படிப்படியாகக் குறைத்திருக்கலாம். அதற்குச் சட்டம், நிதி எல்லாம் வேண்டும்; தோட்டத்தில் வேலைக்குப் பேர் எடுக்கும் பெரட்டுக்களத்திலேயே ஞாயிற்றுக்கிழமை மேன்முறையீட்டு மேசை போட ஒரு சுற்றறிக்கை போதும்.