சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி பென்டிரைவ் பூட்டிக்கொண்டால்

பி.சி.ஏ. கடைசி செமஸ்டர். வீடு கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, காலேஜ் எல்லைக்கு இந்தப்புறம் பொள்ளாச்சிப் பக்கம். மறுநாள் மத்தியானத்துக்குள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மூன்று காப்பி பைண்டிங் போட்டுக் கொடுக்க வேண்டும். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது டிராஃப்டைப் புரட்டினால், முதல் பக்கத்திலேயே கைடு பேரில் ஒரு எழுத்து தப்பு.

வீட்டுக்கு வந்து 16 ஜிபி பென்டிரைவைச் செருகித் திருத்தினேன். சேவ் ஆகவில்லை. 'டிஸ்க் இஸ் ரைட் ப்ரொடெக்டட்' என்றது, அதாவது படிக்கலாம், எழுத முடியாது. லேப் கம்ப்யூட்டரில் வைத்தால் எவனாவது அழித்துவிடுவான் என்று ப்ராஜெக்ட் மொத்தத்தையும் அந்த ஒன்றிலேயே வைத்திருந்தேன். என் புத்தி அப்படி.

வீடியோ பார்த்து, விண்டோஸில் டிஸ்க்குகளைக் கட்டளை அடித்துக் கையாளும் டிஸ்க்பார்ட்டைத் திறந்தேன். 'லிஸ்ட் டிஸ்க்' அடித்ததும் டிஸ்க் 0 என்று 465 ஜிபி, டிஸ்க் 1 என்று 14 ஜிபி. 16 என்று விற்பதை விண்டோஸ் 14 என்றுதான் காட்டும்; அளவைப் பார்க்காமல் நம்பர் கொடுத்தால் லேப்டாப் ஹார்டு டிஸ்க்கில் கை வைத்துவிடுவோம். 'செலக்ட் டிஸ்க் 1', பிறகு 'படிக்க மட்டும்' என்ற குறியை நீக்கும் 'அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி'. சரியாக முடிந்தது என்றே சொன்னது. ஆனால் ஃபைல் எழுதவில்லை. இன்னொரு வீடியோக்காரர் 'கிளீன்' அடி என்றார். அடித்தேன். ரைட் ப்ரொடெக்டட் என்று அதையும் மறுத்துவிட்டது. கிளீன் என்பது பார்ட்டிஷனையே துடைத்து, ஃபைல் எதுவும் தெரியாமல் ஆக்கிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. எந்தப் பூட்டோடு ராத்திரி ஒரு மணி வரை முட்டினேனோ, அதுதான் என் ப்ராஜெக்டைக் காப்பாற்றியிருக்கிறது.

காலையில் டிடிபி கடை அண்ணன் சிரித்தார். "ஏந்தம்பி, ஃபைல் தொறக்குதுல்ல? அப்பறம் எதுக்கு அதுகூடச் சண்டை? டெஸ்க்டாப்புல இழுத்துப் போட்டுத் திருத்துங்க." இரண்டே நிமிஷ வேலை.

இப்போது ஜூனியர்கள் யாராவது இதே பிரச்சினையோடு வந்தால், முதலில் எல்லாவற்றையும் வெளியே காப்பி எடுக்கச் சொல்கிறேன். அப்புறம் வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்க வேண்டும். அங்கே எழுதினால் பென்டிரைவில் குற்றமில்லை, முதல் கம்ப்யூட்டரில்தான் தடை. காலேஜ் லேப்களில் வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். சொந்த லேப்டாப் என்றால், விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ்' இருக்கிறதா, அதற்குள் 'ரைட் ப்ரொடெக்ட்' மதிப்பு 1 ஆக இருக்கிறதா என்று பார்த்து 0 ஆக்கலாம். லேப் மெஷினில் அதைத் தொட வேண்டாம், திட்டு விழும்.

மெமரி கார்டை அடாப்டரில் போட்டுச் செருகுகிறவர்கள் அடாப்டர் ஓரத்தில் இருக்கும் குட்டி லாக்கைப் பாருங்கள். பையில் உரசியே அது கீழே இறங்கிவிடும். சில பென்டிரைவிலும் அப்படி ஒரு ஸ்விட்ச் உண்டு.

எல்லா இடத்திலும் எழுத மறுத்தால்தான் டிஸ்க்பார்ட். பென்டிரைவை செலக்ட் செய்துவிட்டு வெறும் 'அட்ரிபியூட்ஸ் டிஸ்க்' என்று அடித்தால் சில வரிகள் வரும், அதில் இரண்டைப் பார்த்தால் போதும். 'ரீட்ஒன்லி' என்ற வரியில் 'எஸ்' இருந்தால் கிளியர் கட்டளையில் போய்விடும். அதில் 'நோ' இருந்தும் 'கரண்ட் ரீட்ஒன்லி ஸ்டேட்' மட்டும் 'எஸ்' என்றே நின்றால், பூட்டு பெரும்பாலும் பென்டிரைவின் உள்ளேயே விழுந்திருக்கிறது. மெமரி தேய்ந்து கெட்டுப்போகும்போது, இருப்பதாவது பிழைக்கட்டும் என்று உள்ளிருக்கும் கண்ட்ரோலர் எழுதுவதை நிறுத்திவிடும். என்னுடையது அந்த ரகம்.

நம் கேரளப் பக்கத்துப் பள்ளிக்கூட லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு இருக்கும். அதில் பென்டிரைவை எஜெக்ட் பண்ணாமல் பிடுங்கி ஃபைல் சிஸ்டம் குழம்பினாலும் ரீட்ஒன்லியாகத்தான் திறக்கும். அன்மவுண்ட் செய்து (சிஸ்டத்திலிருந்து அதன் இணைப்பை விடுவித்து), ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் 'எஃப்எஸ்சிகே' கட்டளையை ஓட்டினால் பல சமயம் சரியாகிவிடும்.

உள்ளுக்குள் பூட்டிக்கொண்டதை வாரண்டிக்குக் கொடுக்கும் முன் யோசியுங்கள், அதிலிருப்பதை நம்மால் அழிக்க முடியாது. என்னுடையது இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது. செருகினால் திறக்கிறது, கைடு பேர் அதே எழுத்துப் பிழையோடு.