சீதா எலியாவுக்குக் கொண்டுபோன முடிப் பொட்டலம்

எங்கள் சின்னவனுக்குப் பிறந்ததிலிருந்து கத்தரி பட்டதே இல்லை. இரண்டு தடவை தங்காமல் போய் மூன்றாவதாகக் கிடைத்த பிள்ளை என்பதால், மூன்று வயதில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முதல் மொட்டை போடுகிறேன் என்று மாமி, என் கணவரின் அம்மா, நேர்ந்துகொண்டார். நேர்ந்த முடியில் கை வைக்கக் கூடாது. அதனால் இரண்டே கால் வயதில் அவனுக்குத் தோள் வரைக்கும் முடி, நான் ரப்பர் பேண்ட் போட்டுக் குடுமி கட்டிவிடுவேன், தலவாக்கலை டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் எல்லாம் பொம்பளைப் பிள்ளையா என்று கேட்பார்கள்.

அந்த முடி மாரியம்மனிடம் போகவில்லை. மகரகமவில், புற்றுநோய் ஆஸ்பத்திரித் தலையணையில் விழுந்தது.

விட்டு விட்டு வந்த காய்ச்சல், காலில் அடிபடாமலே நீலத் தழும்பு, ஓடித் திரிந்த பிள்ளை நடக்கமாட்டேன் தூக்கு என்று அழுதது. முதலில் காட்டிய இடத்தில் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து சிரப் தந்து அனுப்பினார்கள், நாங்களும் மூன்று வாரம் அதையே கொடுத்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வரும், சரி அதை விடுங்கள். இரத்தத்தைச் சோதித்து, அப்புறம் எலும்புக்குள் இருக்கிற மச்சையை எடுத்துப் பார்த்து, ஏ.எல்.எல். என்று பெயர் சொன்னார்கள். அக்கியூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா, ஒரு வகை இரத்தப் புற்று. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற புற்றுநோயில் இதுதான் அதிகமாம். சிகிச்சை இரண்டு, இரண்டரை வருஷம் இழுக்கும், ஆனால் நிறையப் பிள்ளைகள் முழுசாகச் சுகமாகிறார்கள் என்று வைத்தியர் சொன்னார். நான் இரண்டரை வருஷம் என்பதை மட்டும்தான் கேட்டேன். என் கணவர் சுகமாகிறார்கள் என்பதை மட்டும் கேட்டார். வெளியே வந்து இரண்டையும் சேர்த்துக்கொண்டோம்.

ஹட்டனில் பஸ் ஏறினால் கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியாந்தோட்டை என்று வளைவாக இறங்கி அவிசாவளையில் மாறி மகரகம போய்ச் சேர வேண்டும். வாந்தி எடுக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வளைவுகளை எண்ணியவர்களுக்கு வேறு தீர்த்த யாத்திரை தேவையில்லை.

முதல் மாதம்தான் கடினம். ஸ்டீரொய்ட் கொடுத்ததால் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதி, இராத்திரி இரண்டு மணிக்குச் சோறு வேண்டும் என்று அழுவான், வாயில் வைத்தால் பருப்பு வேண்டும் என்பான். மூன்றாவது வாரம் முடி கொட்டியது. அன்று எனக்கு மாற்றாக மாமிதான் கட்டிலருகில் இருந்தார். நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மாமி தலையணையில் கிடந்த முடியை ஒவ்வொரு இழையாகப் பொறுக்கி பால்மா பை ஒன்றில் போட்டுக்கொண்டிருக்கிறார். முப்பது வருஷம் கொழுந்து பறித்த விரல், ஒரு இழை தவறவில்லை. "ஆத்தாளோடது புள்ள, குப்பையில போகக் கூடாது" என்றார். அழவில்லை. நான் பாத்ரூமுக்குத் திரும்பவும் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அதை மஞ்சள் துணியில் முடிந்து சாமி தட்டில் வைத்தார். அதிலிருந்துதான் வேறு தொல்லை ஆரம்பித்தது. நேர்ந்த முடி வழியில் விழுந்துவிட்டதே, ஆத்தாள் கோபத்தில் எடுத்துக்கொண்டாளா என்று லயத்து வீடுகளில் பேச்சு. ஒருவர் கயிறு மந்திரித்துக் கொண்டுவந்தார், கட்டிக்கொண்டோம், கயிற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. இன்னொருவர், எனக்குச் சித்தி முறை, இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட்டு நித்தியகல்யாணி இலையை அவித்துக் கொடு, அது இரத்தப் புற்றுக்குக் கைகண்டது என்றார்.

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சித்தி சொன்னதில் பாதி உண்மை. வாரா வாரம் சின்னவனுக்கு நரம்பில் ஏற்றிய வின்கிறிஸ்டின் என்ற மருந்து அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். வார்டில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்கள் தோட்டத்துக் கோயில் வாசலில் வெள்ளையும் ரோஸுமாகப் பூத்துக் கிடக்கிறதே, மாமி தினமும் பறித்துப் போட்டுக் கும்பிடுகிறாரே, அதே பூச்செடி. சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்று அதை வீட்டில் நடவே மாட்டார்கள். 1960களிலிருந்து அதே செடியின் சத்து பிள்ளைகளின் இரத்தப் புற்றுக்குப் பயன்படுகிறது. கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு மருந்துக் குப்பிக்கு எவ்வளவோ இலை வேண்டும், அதிலிருந்து பிரித்தெடுத்து, பிள்ளையின் உடம்பளவுக்கு மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறார்கள். அந்த அளவிலேயே மலம் கட்டும், தாடை வலிக்கும், பாதம் சோர்ந்து நடை தள்ளாடும். இலையை அவித்தால் அதில் எவ்வளவு விஷம் இறங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? சித்தியிடம் இதைச் சொன்னேன், அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. மாமி மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார், மறுநாள் பூப்பறிக்கும்போது அந்தச் செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்தேன்.

முடி விஷயம் மட்டும் மாமிக்கு ஆறவே இல்லை. நாங்கள் மகரகமவில் இருந்த ஒரு சனிக்கிழமை என் கணவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு தனியாக றம்பொடை ஆஞ்சநேயரிடம் போய்வந்தார், சின்மயா மிஷன் கட்டிய கோயில், மேலே நின்றால் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். என்ன வேண்டினீர்கள் என்று கேட்டால் இன்றுவரை சொல்லவில்லை. அவர்தான் வந்து சொன்னார், சின்னவனுக்கு எண்ணிக்கை ஏறினதும் எல்லாருமாகச் சீதா எலியாவில் இருக்கிற சீதா அம்மனிடம் போவோம், அங்கே அம்மாவும் அந்த மூட்டையைக் கொடுத்து மனசாறட்டும் என்று.

எண்ணிக்கை என்றால் நியூட்ரோபில். வெள்ளை அணுவில் கிருமியோடு சண்டை போடுகிறது அதுதான், 500க்குக் கீழே போனால் ஆள் கூடுகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது, காய்ச்சல் 38 பாகை தாண்டினால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் எண்ணிக்கை விழுந்து நின்றுபோனது. நாலாவது முறை வைத்தியரிடமே கேட்டேன். திருவிழா நாளில் போகாதீர்கள், வார நாளில் காலையில் போங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம் என்றார். என்ன கோயில் என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, எனக்காகவும் கும்பிடுங்கள் என்று சிரித்தார்.

ஒரு புதன்கிழமை போனோம். பஸ் வேண்டாம் என்று எங்கள் ஆட்டோவிலேயே, இரண்டு பக்கமும் திரையை இறக்கி, சின்னவனுக்குக் குல்லா, மாஸ்க், கம்பளி. ஆறவைத்த தண்ணீர் ஒரு ஃபிளாஸ்க், ரொட்டி, வெப்பமானி. நானுஓயா வழியாக நுவரெலியா ஏறி, பதுளை வீதியில் ஹக்கலை பக்கம் திரும்பினால் ரோட்டோரத்திலேயே கோபுரம் தெரியும். 2024 மே 19ஆம் திகதி கும்பாபிஷேகம் நடந்தது, அயோத்தியிலிருந்து சரயு நதித் தண்ணீர் கொண்டுவந்தார்கள், அந்த வர்ணம் இன்னும் மங்காமல் இருந்தது. ரோட்டிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும். பின்னால் காடு, பக்கத்தில் ஓடை, பாறையில் இருக்கும் குழிகளை அனுமார் பாதம் என்பார்கள். அசோகவனம் இதுதான் என்பது எங்கள் நம்பிக்கை. சரித்திரம் கேட்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை, அந்தக் குளிரில் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றால் அந்தக் கேள்வி எனக்கு வருவதும் இல்லை.

இந்தியாவிலிருந்து வந்த ஒரு பஸ் கூட்டம் உள்ளே இருந்ததால் நாங்கள் ஓடைப் பக்கமாக வெளியே நின்றோம். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள், சுந்தர காண்டம் நடத்தியிருக்கிறேன். இன்னும் ஒரு மாதம்தான் உயிரோடு இருப்பேன் என்று சீதை அனுமாரிடம் சொல்லி அனுப்புகிற இடத்தை எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன், ஒரு நாளும் அது எனக்கு உறைத்ததில்லை. சின்னவனுக்கும் முதல் கட்டம் ஒரு மாதம்தான். மாதம் முடிந்து மச்சையை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள், அதில் நோய் அடங்கியிருந்தால்தான் மேலே பேச்சு. அந்தப் பதில் வரும்வரைக்கும் நானும் மாமியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நல்லபடியாக வந்தது என்பதால்தான் அங்கே நிற்கிறேன், அதுவும் தெரியும். அதே வார்டில் அந்தப் பதில் வராத தாய்மாரும் கும்பிட்டவர்கள்தான். அதனால் அம்மனிடம் நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

கூட்டம் போனதும் உள்ளே போனோம். அர்ச்சனை முடிந்து ஐயர் தீர்த்தம் நீட்டியபோது, பிள்ளைக்கு வேண்டாம் ஐயா, வருத்தம் என்று தயங்கித்தான் சொன்னேன், அவர் ஒன்றும் நினைக்கவில்லை, என் கையில் ஊற்றி என்னைக் குடிக்கச் சொன்னார். குல்லாவைக் கழற்றியதும் அவருக்குப் புரிந்தது. மாமி அப்போதுதான் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார்.

"சாமி, இத இந்த ஆத்துல விடலாங்களா? இந்தத் தாயும் தலையில இருந்த சூடாமணியத்தானே கழட்டிக் குடுத்தா."

நான் மாமியையே பார்த்தேன். சூடாமணி எனக்குத் தோன்றவில்லை, தமிழ் டீச்சருக்கு.

ஐயர் கொஞ்சம் யோசித்தார். "தண்ணியில போடாதீங்கம்மா. கீழ எல்லாரும் இந்தத் தண்ணியத்தான் புழங்குறாங்க" என்றார். அப்புறம், "யாருக்கு நேர்ந்தீங்க?"

"எங்க தோட்டத்து மாரியாத்தாளுக்கு."

"அப்ப அவகிட்டயே கொண்டுபோய்க் குடுங்க. அவ கடன இங்க வாங்கக் கூடாது."

மாமியின் முகம் விழுந்துவிட்டது. நாற்பது கிலோமீட்டர் ஆட்டோவில் குலுங்கி வந்து, திருப்பிக் கொண்டுபோ என்றால்? ஆனால் திரும்பி வரும்போது நானுஓயா தாண்டியதும் அவரே, "அவரு சொன்னது ஞாயந்தான்" என்றார். சின்னவன் என் மடியில் தூங்கிவிட்டான். வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 36.8.

அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலில், கூட்டம் வருவதற்கு முன்னால், விடியற்காலையில் கொடுத்தோம். பூசாரி என் கணவருக்குப் பெரியப்பா முறை. பொட்டலத்தை வாங்கிச் சூலத்தின் அடியில் வைத்தார், எதுவும் பேசவில்லை. நேர்ந்த மொட்டைக்கு என்ன செய்வார்களோ அதையே செய்தார், சந்தனம் குழைத்தார். அவர் விரலால் வைக்க வேண்டாம் என்று நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து நானே சின்னவன் தலையில் தடவினேன். சந்தனம் குளிர்ந்ததும் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு சிரித்தான், இன்னும் வை என்றான்.

வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு மெதொட்ரெக்சேட் மாத்திரை நாளும், வாரத்துக்கு ஒரு தரம், மற்றபடி தினமும் இராத்திரி மெர்காப்டோபியூரின் மாத்திரை. இரண்டும் மறக்காமலிருக்க நாட்காட்டியில் குறித்திருக்கிறேன், மாமி குறிப்பைப் பார்ப்பதில்லை, வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்ததும், "மாத்திர குடுத்தாச்சா புள்ள?" என்று கேட்பார். முடி திரும்ப முளைக்கிறது, முன்னைப் போல நேராக இல்லை, சுருட்டையாக வருகிறது. இதையும் வெட்டவிடமாட்டேன் என்கிறார் மாமி. எதற்கு நேர்ந்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக், நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.