செவலைக்கு வந்தது வயது அல்ல

எங்கள் செவலைக் கோழி பத்து நாட்களாக முட்டையிடவில்லை. வாலடியில் இறகு கொட்டித் தோல் சிவந்திருந்தது. வயதாகிவிட்டது, குழம்புக்குத்தான் ஆகும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பருவத்தில் இறகு உதிர்ந்தால் தலை, கழுத்தில் தொடங்கி வாலை நோக்கி இறங்கும். உதிர்ந்த இடத்தில் முள்முள்ளாகக் குருத்து கிளம்பும். இவளுக்கு அப்படி இல்லை. கொண்டை வெளுத்திருந்தது, ஆனால் முட்டை நின்றாலே கொண்டை வெளுக்கும், அதை வைத்து முடிவுசெய்ய முடியாது.

நேற்றிரவு மடியில் கிடத்தி, டார்ச் வெளிச்சத்தில் எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கினேன். இறகுகளின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஈர், கொத்துக் கொத்தாக! வைக்கோல் நிறப் பேன்கள் வெளிச்சம் பட்டதும் சிதறி ஓடின. பாவம், எத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தாளோ.

காலையில் கால்நடை மருத்துவர் தந்த பொடியைத் தூவினேன். ஈர் அதற்குச் சாகாது. பொரித்து வருபவற்றுக்காகப் பத்து நாள் கழித்து மறுபடியும் தூவ வேண்டும். உடன் அடையும் நான்கு கோழிகளுக்கும் தூவியாயிற்று. எத்தனை நாள் முட்டையை உண்ணக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன்.

இப்போது முருங்கை மரத்தடியில் புழுதியைக் கிளறிக் குளித்துக்கொண்டிருக்கிறாள்.