ஈறோரம் ஒரு வெள்ளைக் கோடு

மகளுக்கு இரண்டரை வயது இருக்கும்போது நடந்தது. இரவில் பல் தேய்க்கப் போனால் வாயைத் திறக்கவே மாட்டாள், அன்றைக்கு எதற்கோ சிரித்துக்கொண்டே அண்ணாந்தாள், மேலுதடு நன்றாக ஏறியது, பார்த்தால் மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. சாக்பீஸால் இழுத்த மாதிரி. குடித்த பால்தான் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று விரலால் துடைத்தேன், போகவில்லை. பிரஷ்ஷால் தேய்த்தேன், அப்போதும் போகவில்லை. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "பல்லே வெள்ளை, அதில் வெள்ளைக் கோட்டை எங்கே போய்த் தேடுவது" என்றார். அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "விழப்போற பல்லுக்கு எதுக்குடி இவ்வளவு ஆராய்ச்சி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கறுப்பாக ஏதாவது தெரிந்தால்தான் சொத்தை என்று நானும் நினைத்திருந்தேன். அதனால் இரண்டு வாரம் சும்மாதான் இருந்தேன். அப்புறம் மனசு கேட்காமல் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் உதட்டைத் தூக்கிப் பற்களைக் காற்றடித்து உலர்த்தினார், கோடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பல்லின் மேலுறையான எனாமலுக்குள்ளிருந்து தாதுக்கள் கரைந்து வெளியேறி நுண்ணிய துளைகள் விழுந்திருக்கின்றன, அவற்றில் எச்சில் நிறைந்திருக்கும்வரை அவ்வளவாகக் கண்ணில் படாது, எச்சில் போய்க் காற்று புகுந்ததும் வெள்ளை வெளேரென்று காட்டிக்கொடுத்துவிடும் என்றார். சொத்தையின் முதல் படி இதுதானாம். அடுத்த படியில் மேற்பரப்பு உடைந்து குழி விழும், குழி விழுந்துவிட்டால் பல் தானாக அதை மூடிக்கொள்ளாது. திரும்பி வர வழி இருப்பது இந்த வெள்ளைக் கோட்டுக் கட்டத்தில்தான். இரண்டு வாரம் சும்மா இருந்ததை நினைத்து எனக்குப் பக்கென்றது.

எனாமலில் ஏறத்தாழ 96% தாதுப்பொருள்தான். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான் என்று பள்ளியில் படித்திருப்போம். அது அமிலத்துக்கு மட்டும் பணிந்துவிடும். வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள், முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் வகை, நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. அமிலம் கூடக் கூட பிஎச் என்ற அளவு இறங்கும், வாயில் அது சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களிலேயே அது நடந்துவிடும், எச்சில் வந்து அமிலத்தை நீர்க்கச் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருப்பதால் கரைந்துபோனதில் கொஞ்சம் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நாள் முழுக்க இந்த வரவும் செலவும் நடந்துகொண்டே இருக்கிறது, செலவு கூடிப்போன இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது.

இதைக் கேட்டபோதுதான் எங்கள் வீட்டில் எங்கே தப்பு என்று புரிந்தது. நான் நிறைய இனிப்பு கொடுக்கிற ஆள் இல்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் டாக்டர் கேட்டது எவ்வளவு என்று இல்லை, எத்தனை தடவை என்று. யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு பிஸ்கட்தான் கொடுப்பேன், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி நக்கித் தின்பாள். ஜூஸ் ஒரு சின்ன டம்ளர்தான், காலையில் ஆரம்பித்தால் மத்தியானம்வரை ஒவ்வொரு மிடறாக ஓடும். பிஎச் மேலே ஏறுவதற்குள் அடுத்த மிடறு. இதற்கெல்லாம் மேலே, ராத்திரி பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்குகிற பழக்கம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும், பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடுவதால் அங்கே ஒன்றும் ஆகாது. அவளுக்கும் கீழ்ப்பற்கள் சுத்தமாகத்தான் இருந்தன. வாயைப் பார்த்தே ராத்திரி பாட்டில் உண்டா என்று அவர் கேட்டுவிட்டார், நான் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்து பேஸ்ட். எந்த பேஸ்ட் போடுகிறீர்கள் என்றதும் ஆர்வமாகப் பையிலிருந்து எடுத்தே கொடுத்தேன். ஃபுளோரைடு இல்லாதது, விழுங்கினாலும் பயமில்லை என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்ததால் தேடிப்பிடித்து வாங்கியது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் வாசனை இருக்கிறது, நுரை இருக்கிறது, பல்லுக்கு வேண்டியது மட்டும் இல்லை" என்றார். கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

வெள்ளைக் கோட்டின் மேற்பரப்பு பெரும்பாலும் உடையாமல்தான் இருக்கும், தாதுக்கள் கரைந்துபோன இடம் அதற்கு உள்ளே. எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதற்குள் போய்ப் படிய ஃபுளோரைடு உதவுகிறது. அப்படிப் படிகிற புதுப் படிகம் பழையதைவிடக் கெட்டியானது, பிஎச் சுமார் 4.5 வரை இறங்கினால்தான் கரையும். ஆக, பழுது பார்த்த இடம் முன்பைவிட உறுதியாகிவிடுகிறது. ஆனால் ஃபுளோரைடு பல்லின் மேல் பட்டபடி, கொஞ்சமாக, தினமும் இருக்க வேண்டும். அதனால்தான் குழந்தைகளுக்கும் குறைந்தது 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு, ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் வேண்டும் என்கிறார்கள். முதல் பல் முளைத்ததிலிருந்தே. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறுவரை ஒரு பட்டாணி அளவு, அவ்வளவுதான். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் போட்டுக் காட்டுவார்களே, அதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

விழுங்கினால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இருந்தது, அது முழுக்க வீணான பயமும் இல்லை. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் சுமார் எட்டு வயதுவரை, ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சி வயிற்றுக்குள் போனால் அந்தப் பற்களில் வெள்ளைத் திட்டுகளோ, ரொம்பக் கூடினால் பழுப்புக் கறையோ வரும். ஃபுளோரைடின் நல்ல குணம் தெரிய வந்ததே இந்தக் கறையால்தான். 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன பிரடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே வளர்ந்தவர்களின் பற்கள் பழுப்புக் கறையோடு இருப்பதையும், ஆனால் அந்தப் பற்களில் சொத்தை அதிகம் விழாததையும் கவனித்தார். காரணம் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு என்று 1931-இல்தான் தெரிந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள பகுதியில் இருப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றபடி அரிசி அளவு பேஸ்ட்டில் இருப்பது ஏறக்குறைய 0.1 மில்லிகிராம்தான். அதை முழுங்கினாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டுத்தான் அந்த அளவையே வைத்திருக்கிறார்கள். பேஸ்ட் டியூபை மட்டும் குழந்தை கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், சுவையாக இருந்தால் தின்றுவிடுவார்கள்.

சரி, டாக்டர் பல்லில் பூசிவிட்ட ஃபுளோரைடு வார்னிஷுக்கு வருகிறேன். ஃபுளோரைடு சிகிச்சை என்றதும் மயக்க ஊசி, மெஷின் என்று நான் என்னென்னவோ நினைத்துப் போயிருந்தேன். டாக்டரும் நானும் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தோம், மகள் என்னைப் பார்த்தபடி என் மடியில், அப்படியே பின்னால் சாய்த்தால் தலை அவர் மடியில். பற்களைத் துணியால் துடைத்து, ஒரு குட்டி பிரஷ்ஷால் பிசின் மாதிரி ஒன்றை வரிசையாகத் தடவினார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அழுதாள், இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அழும்போது வாய் நன்றாகத் திறந்திருக்கும், வேலை சுலபம் என்று டாக்டர் சிரித்தார். எச்சில் பட்டதும் அது இறுகி ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மெதுவாக ஃபுளோரைடை விட்டுக்கொண்டிருக்கும். 5% சோடியம் ஃபுளோரைடு, அதாவது 22,600 பிபிஎம். எண்ணைக் கேட்டால் மிரட்டுகிறது, ஆனால் பூசுவது சில சொட்டுகள்தான். அன்றைக்குச் சூடாகவோ கடினமாகவோ எதுவும் கொடுக்காதீர்கள், ராத்திரி பிரஷ் வேண்டாம் என்றார். வருடம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே விடுமுறை. பல் மஞ்சளாகத் தெரிந்தது, மறுநாள் தேய்த்ததும் போய்விட்டது. சில வார்னிஷ்களில் மரப்பிசின் உண்டு, பிசினுக்கு ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும், கோடு ஏற்கெனவே விழுந்திருந்ததால் எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இது உண்மையிலேயே பலன் தருமா என்ற என் சந்தேகத்துக்கு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் பதில் இருந்தது: வார்னிஷ் பூசிய குழந்தைகளின் பால் பற்களில் சொத்தை சராசரியாக 37% குறைவு.

ஆனால் வார்னிஷ் பூசிவிட்டோம் என்று ராத்திரி பாட்டிலைத் தொடர்ந்தால் ஒன்றும் நடக்காது. பாட்டிலை விடவைக்க மூன்று வாரம் ஆனது. பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்கினேன். முதல் வாரம் யாரும் தூங்கவில்லை. ராத்திரி பிரஷ் இன்னொரு யுத்தம். தரையில் உட்கார்ந்து அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, மேலிருந்து பார்த்துத் தேய்ப்பதுதான் கடைசியில் ஒத்துவந்தது. இடது கைவிரலால் உதட்டைத் தூக்கினால் அந்த ஈறோரம் தெரியும், கோடு விழுவதே அங்கேதான். தானாகத் தேய்க்கிறேன் என்று பிரஷ்ஷைப் பிடுங்குவாள், முதலில் அவளை விட்டுவிட்டு, பிறகு நான் ஒரு முறை. ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டுமாம், அதுவரை அவர்கள் கைக்கு அந்த நிதானம் வராது. தேய்த்து முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் இவ்வளவு பாடுபட்டுத் தடவிய ஃபுளோரைடு கழுவிக்கொண்டு போய்விடும். இத்தனை வயதுவரை மூன்று முறை கொப்பளித்துக்கொண்டிருந்த எனக்கு இது புதுச்செய்தி. பின்பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் நடுவில் ஃபிளாஸ் நூல் விட வேண்டும், பிரஷ் அங்கே போகாது. ராத்திரி இருமல் சிரப் கொடுத்தால் அதிலும் சர்க்கரை இருக்கலாம், கொடுத்துவிட்டு வாயைத் துடைக்க மறந்துவிடுகிறோம்.

அக்கா பையனுக்குக் கதை வேறு. அவனுக்குக் கடைவாயில் குழியே விழுந்துவிட்டது. துளைபோட உட்காரமாட்டான். அவனுக்கு சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தொட்டு வைத்தார்கள், வலி கிடையாது, சொத்தை பரவாமல் நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இதைச் சேர்த்தது. முன்பல்லாக இருந்திருந்தால் அக்கா ஒத்துக்கொண்டிருக்கமாட்டாள், பின்பல் என்பதால் சரி என்றாள்.

அம்மாவின் "விழப்போற பல்" வாதத்துக்கும் பதில் கிடைத்தது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், ஆனால் பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டும். அவை சீக்கிரம் போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து வந்து அடியில் முளைக்கிற பல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். இதைச் சொன்னதும் அம்மா, "அப்போ உனக்கு வரிசை கோணினது அதனாலதானோ" என்றார். இருக்கலாம்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது டாக்டர் மறுபடி காற்றடித்து உலர்த்தினார். மூன்று பற்களில் கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது, ஆனால் மங்கலாக இல்லை, பளபளப்பாக, வழவழப்பாக இருக்கிறது, அது ஆறிய தழும்பு என்றார். நான்காவது, வலப்பக்க ஓரப் பல், இன்னும் சாக்பீஸ் மாதிரிதான் சொரசொரவென்று இருக்கிறது. நான் வலக்கைக்காரி, என் கை அந்தப் பக்கம் சரியாகத் திரும்பவில்லை போல. இப்போது தினமும் அந்தப் பல்லில்தான் ஆரம்பிக்கிறேன்.